புள்ளி எங்கே, அடுக்கு எங்கே?

டீச்சரைக் கேளுங்கள்

காலாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் தினுசே மாறிவிடும். இந்த முறை ஏராளமானவர்கள், மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களைப் பத்தின் அடுக்கால் சுருக்கி எழுதும் அறிவியல் குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் இல்லை. அணை நீர்மட்டம் பார்ப்பவர், ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கலங்கியவர், இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவர் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் மின்சாரம், காந்தம் எல்லாம் அடுத்த இதழுக்கு.

டீச்சர், என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 45,000-ஐ அறிவியல் குறியீட்டில் எழுதச் சொன்னதற்கு 45 × 10³ என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். 45-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 45,000 தானே வரும்?
– ஒரு தாய், விருத்தாசலம்

வரும். மதிப்பில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கேள்வி மதிப்பைக் கேட்கவில்லை, வடிவத்தைக் கேட்டிருக்கிறது. பெருக்கல் குறிக்கு முன்னால் நிற்கும் எண் (முன்னெண்) 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐத் தொடவும் கூடாது. தசமப் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரே ஓர் இலக்கம், அதுவும் பூஜ்ஜியம் அல்லாத இலக்கம். ஆகவே 4.5 × 10⁴. நான் திருத்தியிருந்தால் பாதி மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் விடைக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது என்னைவிடக் கறார்.

எதற்கு இந்தக் கெடுபிடி? 45 × 10³, 0.45 × 10⁵, 450 × 10² எல்லாம் ஒரே எண்தான். ஆளுக்கொரு விதமாக எழுதினால் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதினால் அடுக்கை, அதாவது 10-இன் தலையில் இருக்கும் சின்ன எண்ணை, மட்டும் பார்த்தால் போதும். பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோ. சூரியனின் நிறை 1.99 × 10³⁰ கிலோ. முன்னால் நிற்கும் 5.97 என்னவோ பெரிதாகத்தான் தெரிகிறது, ஆனால் அடுக்கில் 6 வித்தியாசம். கணக்குப் போட்டால் சூரியன் சுமார் 3.3 லட்சம் மடங்கு.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது பூஜ்ஜியங்களை எண்ணும்போதுதான். 6,02,000 என்றால் கடைசியில் மூன்று பூஜ்ஜியம், அதனால் 6.02 × 10³ என்று எழுதிவிடுவார்கள். எண்ண வேண்டியது பூஜ்ஜியத்தை அல்ல, புள்ளி தாண்டும் இடங்களை. 6-க்கும் அடுத்த பூஜ்ஜியத்துக்கும் நடுவே புள்ளி வந்து உட்கார ஐந்து இடம் தாண்ட வேண்டும். 6.02 × 10⁵. அதே மாதிரி 0.000578-இல் புள்ளிக்குப் பின்னால் மூன்று பூஜ்ஜியம்தான் இருக்கிறது. ஆனால் புள்ளி 5-ஐயும் தாண்டி நிற்க வேண்டும், எனவே நான்கு இடம். 5.78 × 10⁻⁴.

இடப்பக்கம் போனால் கூட்டு, வலப்பக்கம் போனால் கழி என்று மனப்பாடம் செய்யாமல் இருந்தால் நல்லது. தேர்வு அறையில் முதலில் மறப்பது அதைத்தான். எழுதி முடித்ததும் கொடுத்த எண்ணை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 10-க்கு மேல் இருந்தால் அடுக்கு மிகை எண், 1-க்குக் கீழே இருந்தால் குறை எண். 1-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் அடுக்கு 0. இந்த ஒரு பார்வையில் பாதித் தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

டீச்சர், 3 × 10⁻⁴ குறை எண் தானே? அப்படியென்றால் அது 0-ஐ விடச் சிறியதா?
– எட்டாம் வகுப்பு மாணவன், போடிநாயக்கனூர்

இல்லை தம்பி. அடுக்கில் இருக்கும் கழித்தல் குறி, எண் 1-ஐ விட எவ்வளவு சிறியது என்று சொல்கிறது, அவ்வளவுதான். 3 × 10⁻⁴ என்றால் 0.0003. மிகச் சிறிய எண், ஆனால் மிகை எண்தான். எண்ணே குறை எண்ணாக இருந்தால் கழித்தல் குறி முன்னால் வரும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தைப் பார், −1.602 × 10⁻¹⁹ கூலூம். இரண்டு கழித்தல் குறி, இரண்டுக்கும் வேலை வேறு. முதலாவது அது எதிர் மின்னூட்டம் என்கிறது, இரண்டாவது அது எவ்வளவு துளியூண்டு என்கிறது.

இன்னொன்றும் பார்த்துக்கொள். 7 × 10⁻⁹, 2 × 10⁻⁵ இரண்டில் எது பெரிது? 9 பெரிய எண் என்று கை தானாக முதலாவதைத் தொடும். பெரியது இரண்டாவதுதான்.

மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி என்கிறார்கள். இதை அறிவியல் குறியீட்டில் எழுதினால் எத்தனை லிட்டர்? ஒரு நாளைக்கு எவ்வளவு கன அடி திறந்தால் ஒரு டிஎம்சி போகும்? எங்கள் ஊர் டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை ஊழியர், பவானி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. டிஎம்சி என்பதே சுருக்கி வைத்த பத்தின் அடுக்குதான். ஆயிரம் மில்லியன் கன அடி. ஆயிரம் 10³, மில்லியன் 10⁶, பெருக்கினால் அடுக்குகள் கூடி 10⁹. அதாவது 100 கோடி கன அடி. நாளிதழில் தினமும் இதைப் படிக்கிற விவசாயிக்கு அறிவியல் குறியீடு ஏற்கெனவே பாதி தெரியும், அந்தப் பெயர்தான் தெரியாது.

93.47 டிஎம்சி என்றால் 93.47 × 10⁹ கன அடி. 93.47 என்பது 10-க்கு மேல் இருப்பதால் இது இன்னும் சரியான வடிவம் இல்லை. 9.347 × 10¹⁰ கன அடி. முன்னெண்ணைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம், அதை ஈடுகட்ட அடுக்கில் ஒன்று ஏறியது.

ஒரு கன அடி 28.32 லிட்டர், அதாவது 2.832 × 10¹. முன்னெண்களைத் தனியாகப் பெருக்குங்கள், 9.347 × 2.832 = 26.47. அடுக்குகளைக் கூட்டுங்கள், 10 + 1 = 11. கிடைத்தது 26.47 × 10¹¹. முக்கால்வாசிப் பேர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். 26.47 மறுபடியும் 10-ஐத் தாண்டிவிட்டது. 2.647 × 10¹² லிட்டர் என்பதுதான் விடை. டீக்கடை மொழியில் 2 லட்சத்து 64 ஆயிரத்து 700 கோடி லிட்டர்.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, 8.64 × 10⁴. 10⁹-ஐ இதால் வகுக்க வேண்டும். 1-ஐ 8.64-ஆல் வகுத்தால் 0.11574. அடுக்கு 9 − 4 = 5. எனவே 0.11574 × 10⁵. இப்போது எதிர்ப்பக்கக் கோளாறு, முன்னெண் 1-க்குக் கீழே போய்விட்டது. 1.1574 × 10⁴ என்று திருத்துங்கள். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டிஎம்சி. உங்கள் துறையில் இருந்தவர்களுக்கு இந்த 11,574 தலைகீழ்ப் பாடம், உங்களுக்கும் இருக்கும். டீக்கடையில் யார் சொன்னது சரி என்று சோதிக்கத்தான் கேட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெருக்கினாலும் வகுத்தாலும் முன்னெண் இப்படி வரம்பை விட்டு வெளியே போவது சகஜம். கடைசி வரியில் அதை உள்ளே கொண்டுவந்து விடுங்கள், நடுவில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கால்குலேட்டரில் சூரியனின் தூரம் 1.5⁰⁸ என்று வந்தது. அப்படியே எழுதினேன். ஆய்வக நோட்டில் சிவப்பு மையால் பெரிய கேள்விக்குறி. ஏன் டீச்சர்?
– பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

1.5⁰⁸ என்று தாளில் எழுதினால் 1.5-ஐ எட்டு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கு என்று அர்த்தம். போட்டுப் பாருங்கள், சுமார் 25.6 வரும். சூரியன் 25.6 கிலோமீட்டரில் இருந்தால் டவுன் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம்.

கால்குலேட்டரின் சின்னத் திரையில் × 10 என்பதற்கு இடம் இல்லை, அதனால் பழைய மாடல்கள் அதை விழுங்கிவிட்டு அடுக்கை மட்டும் ஓரத்தில் சின்னதாகக் காட்டும். சில மாடல்கள் நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் போடும். திரை சொல்வதைத் தாளுக்கு மாற்றும்போது விழுங்கியதைத் திருப்பித் தர வேண்டியது நம் வேலை. 1.5 × 10⁸ கிலோமீட்டர்.

தட்டச்சு செய்யும்போதும் இரண்டு பொறி இருக்கிறது. ‘எக்ஸ்ப்’ என்ற பொத்தான் இருந்தால் அதற்குள்ளேயே × 10 அடங்கியிருக்கிறது. 1.5 எக்ஸ்ப் 8 என்று அழுத்தினால் போதும். பழக்க தோஷத்தில் 1.5 × 10 எக்ஸ்ப் 8 என்று அழுத்தினால் 1.5 × 10⁹ ஆகிவிடும், சரியாகப் பத்து மடங்கு அதிகம். விடை எப்போதும் பத்து மடங்கு பெரிதாக வருகிறது என்று யாராவது புலம்பினால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான்.

இரண்டாவது பொறி வகுத்தலில். 6-ஐ 2 × 10³-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.003. ஆனால் 6 ÷ 2 × 10, அப்புறம் அடுக்குப் பொத்தான், 3 என்று வரிசையாக அழுத்தினால் இயந்திரம் முதலில் 6-ஐ 2-ஆல் வகுத்து, அதை ஆயிரத்தால் பெருக்கி 3000 என்று காட்டும். எக்ஸ்ப் பொத்தானைப் பயன்படுத்தினால் 2 × 10³ ஒரே எண்ணாகப் போகும். இல்லாவிட்டால் அடைப்புக்குறி போடுங்கள். ஆயுள் முழுக்க உதவும் பழக்கம் அது.

என் கணவருக்குக் காய்ச்சல். ஒரு லேபில் பிளேட்லெட் 2.1 என்றும், இரண்டு நாள் கழித்து வேறு லேபில் 210 என்றும் வந்திருக்கிறது. நூறு மடங்கு ஏறுமா? பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பயப்படாதீர்கள், இரண்டும் ஒரே அளவு. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முதல் தாளில் ‘லட்சம், ஒரு கன மில்லிமீட்டருக்கு’ என்று இருக்கும். 2.1 லட்சம் என்றால் 2.1 × 10⁵. இரண்டாவது தாளில் ‘× 10³, ஒரு மைக்ரோலிட்டருக்கு’ என்று இருக்கும். 210 × 10³ என்றாலும் 2.1 × 10⁵ தான். கன மில்லிமீட்டரும் மைக்ரோலிட்டரும் ஒரே கொள்ளளவு. மூன்றாவதாக ஒரு லேபுக்குப் போனால் 210 × 10⁹, ஒரு லிட்டருக்கு என்று கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஒரு லிட்டரில் 10⁶ மைக்ரோலிட்டர், அதனால் அடுக்கு ஆறு ஏறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. பொதுவாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை சரியான அளவு என்பார்கள். உங்கள் கணவரின் அளவு அதற்குள்தான் இருக்கிறது. காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

லேப்காரர்கள் 210 × 10³ என்று எழுதுவது வடிவப்படி தப்பில்லையா என்று விருத்தாசலத்துத் தாய் கேட்கக்கூடும். ஒன்பதாம் வகுப்புத் தாளில் தப்பு, ரத்தத் தாளில் தப்பு இல்லை. அங்கே அடுக்கை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. நேற்று 98, இன்று 112 என்று மருத்துவர் ஒரு பார்வையில் பார்க்க வேண்டும். நேற்று 9.8 × 10⁴, இன்று 1.12 × 10⁵ என்று கொடுத்தால் அவசரத்தில் 9.8-லிருந்து 1.12-க்கு இறங்கிவிட்டது என்று யாராவது படித்துத் தொலைப்பார்கள். பொறியாளர்களும் இப்படித்தான், அடுக்கை 3, 6, 9 என்று மூன்றின் மடங்காகவே வைத்துக்கொள்வார்கள். கிலோ, மெகா, கிகா என்று பெயர்கள் அப்படித்தானே போகின்றன.

5 × 10³, 5.0 × 10³, 5.00 × 10³ மூன்றும் ஒன்றுதானே? வெறும் பூஜ்ஜியத்துக்கு எதற்கு இந்தப் பாடு? எங்கள் சார் ஒளியின் வேகத்தை 3 × 10⁸ என்று எழுதினால் ஒத்துக்கொள்கிறார், 3.00 × 10⁸ எழுதினாலும் ஒத்துக்கொள்கிறார், 3.000 × 10⁸ எழுதினால் அடிக்கிறார்.
– பதினோராம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

உங்கள் சார் கெட்டிக்காரர். (அடிக்கிறார் என்றால் கோடு போட்டு அடிக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.)

கணக்கில் மூன்றும் ஒன்று, அளவீட்டில் ஒன்றல்ல. ‘கூட்டத்துக்கு 5,000 பேர் வந்தார்கள்’ என்று ஒருவர் சொன்னால், எண்ணிப் பார்த்துச் சொன்னாரா, கண்ணால் மட்டம் பிடித்துச் சொன்னாரா என்று அந்த 5,000-ஐப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று பூஜ்ஜியமும் தெரிந்து எழுதியதா, இடத்தை நிரப்ப எழுதியதா என்று எண் வாய் திறக்காது. அறிவியல் குறியீட்டில் திறக்கும். 5 × 10³ என்றால் ஆயிரக்கணக்கு வரைதான் தெரியும். 5.0 × 10³ என்றால் நூறு வரை தெரியும். 5.000 × 10³ என்றால் தலை எண்ணியாகிவிட்டது. எண்ணின் பருமனை அடுக்கு பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு தூரம் நமக்கு நிச்சயமாகத் தெரியும் என்பதை முன்னெண் சொல்கிறது. எனக்கு இந்தக் குறியீட்டில் பிடித்ததே இதுதான். பூஜ்ஜியங்களை மிச்சப்படுத்துவதற்காக இது வந்தது என்று பாடத்தை முடித்துவிடுகிறார்கள், அது பாதிக் கதை.

இனி உங்கள் சார். ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983-இலிருந்து மீட்டர் என்ற அலகையே இதை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள், அதனால் இதில் பிழையே கிடையாது. அறிவியல் குறியீட்டில் 2.99792458 × 10⁸. ஓர் இலக்கத்துக்குச் சுருக்கினால் 3. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 3.00. நான்கு இலக்கத்துக்குச் சுருக்கினால்? 2.998. ஆகவே 3.00 × 10⁸ சரி, 3.000 × 10⁸ தப்பு. ஒரே ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக எழுதியதில் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதாக ஆகிவிட்டது.

இந்தப் பூஜ்ஜியச் சங்கடத்துக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, அதன் வேர் நம் சென்னையில். 1802-இல் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, நில அளவைக்கு ஆதாரமாக ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து தொடங்கி முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளந்துகொண்டு வடக்கே போனதுதான் மாபெரும் முக்கோண அளவீடு. இமயம் வரை போனார்கள். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணக்கர் போட்ட கணக்குகளை வைத்து, 1856-இல் இந்தியத் தலைமை நில அளவையாளர் ஆண்ட்ரூ வா என்பவர் உலகின் உயரமான சிகரம் 29,002 அடி என்று அறிவித்தார். கணக்கில் வந்தது சரியாக 29,000 அடிதான் என்றும், அப்படியே வெளியிட்டால் உத்தேசமாகச் சொன்னதாக ஊர் நினைக்கும் என்று 2 அடியைச் சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. 2.9000 × 10⁴ அடி என்று எழுதும் வழக்கம் நாளிதழ்களுக்கு இருந்திருந்தால் அந்த 2 அடிக்குத் தேவையே வந்திருக்காது. எவரெஸ்டின் இன்றைய உயரம், 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தபடி, 8848.86 மீட்டர். 8.84886 × 10³. ஆறு இலக்கமும் அளந்து பெற்றவை.

இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். எக்செலில் ஆதார் எண்ணை அடித்தால் 1.23457ஈ+11 மாதிரி ஏதோ வருகிறது. எண் அழிந்துவிட்டதா?
– ஒரு வாசகர், அறந்தாங்கி

அழியவில்லை, இன்னும். எக்செல் 12 இலக்க எண்ணைப் பார்த்ததும் தானாகவே அறிவியல் குறியீட்டுக்குப் போய்விடும். ‘ஈ+11’ என்றால் × 10¹¹. அந்தக் கட்டத்தைத் தொட்டால் மேலே வரியில் முழு எண்ணும் தெரியும். ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிவதைத்தான் எழுதி வைக்கும். அப்போது போனது போனதுதான், 1.23457-க்குப் பின்னால் இருந்த இலக்கங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

வங்கி அட்டையின் 16 இலக்க எண் என்றால் சேமிக்கும் வரைகூடக் காத்திருக்காது. எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். அதனால் அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள், அல்லது எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். ஆதாரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அது எண் வேடத்தில் இருக்கும் பெயர்.

உங்களுக்கு மட்டும் நடக்கவில்லை என்று ஆறுதலுக்குச் சொல்கிறேன். மரபணு ஆய்வில் ‘2310009ஈ13’ போன்ற அடையாளக் குறிகள் உண்டு. நடுவில் ‘ஈ’ இருப்பதைப் பார்த்து எக்செல் அதை 2.31 × 10¹⁹ ஆக்கிவிட்டது என்று 2004-லேயே விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயர் போலத் தெரிந்த சில மரபணுக்களைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்த மரபணுக்களுக்கே பெயரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவைத் திருத்துவது சுலபம் போலிருக்கிறது.

எங்கள் பத்திரிகைகளில் மில்லியன், பில்லியன் என்று போடுகிறார்கள். உங்கள் இதழில் லட்சம், கோடி. படிக்கும்போது தடுமாறுகிறது.
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

நடுவில் பத்தின் அடுக்கை வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இல்லை. லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹, டிரில்லியன் 10¹². அதனால் பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் லட்சம் கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் தொகை 121 கோடி, உங்கள் பத்திரிகையில் 1.21 பில்லியன், இரண்டும் 1.21 × 10⁹. காற்புள்ளியை எங்கே போடுவது என்ற சண்டையும் இதில் இல்லை.

பழைய பிரிட்டிஷ் புத்தகம் படித்தால் மட்டும் உஷார். அங்கே பில்லியன் என்றால் 10¹². பிரிட்டிஷ் அரசு 1974-இல்தான் அதை விட்டுவிட்டு 10⁹-க்கு மாறியது.

முந்திரி, கீழ்முந்திரி என்றெல்லாம் நுண்ணிய பின்னங்களுக்குப் பெயர் வைத்த தமிழர்கள் அறிவியல் குறியீட்டை அன்றே அறிந்திருந்தார்கள் என்று கொள்ளலாம் அல்லவா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

கொள்ள முடியாது ஐயா, கோபிக்காதீர்கள். முந்திரி 1/320. அதாவது 3.125 × 10⁻³. கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்திரி, 1/1,02,400. அதாவது 9.765625 × 10⁻⁶. பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் குறைவான ஒன்றை நிலக் கணக்கிலும் நெல் கணக்கிலும் பெயர் சொல்லிப் புழங்கினார்கள் என்பது சாதாரண விஷயமா? அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த அடுக்கு 320-ஐ வைத்து இறங்குகிறது, பத்தை வைத்து அல்ல. ஒவ்வொரு படிக்கும் தனித் தனிப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அறிவியல் குறியீட்டில் பெயரே வேண்டாம், அடுக்கில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இரண்டும் வேறு வேறு கெட்டிக்காரத்தனம்.

பெரிய எண்களை அடுக்கடுக்காக ஏற்றிப் போகும் யோசனைக்கு முன்னோடி யார் என்று கேட்டால் நான் ஆர்க்கிமிடீஸைச் சொல்வேன். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று ஸிராக்யூஸ் அரசர் கெலோனுக்கு எழுதிக் காட்டினார். கிரேக்கர்களிடம் பெயர் இருந்தது பத்தாயிரம் வரைதான். பத்தாயிரம் பத்தாயிரத்தை, அதாவது 10⁸-ஐ, ஒரு புதிய ஒன்றாக வைத்துக்கொண்டு அங்கிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார். வந்த விடை இன்றைய முறையில் 10⁶³. அடுக்கை இப்படி மேலே சின்னதாக எழுதும் வழக்கம் பரவியது 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தின் வடிவியல் நூல் வந்த பிறகுதான். அவ்வளவு காலம் யோசனை இருந்தது, எழுத்து இல்லை.

3 × 10⁵-ஐயும் 4 × 10³-ஐயும் கூட்டினால் 7 × 10⁸ தானே?
– பெயர் வேண்டாம், திருச்சி

பெயர் போடாதது நல்லதாகப் போயிற்று. கூட்டும்போது அடுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். 4 × 10³-ஐ 0.04 × 10⁵ என்று மாற்றிக் கூட்டினால் 3.04 × 10⁵. மூன்று லட்சத்தோடு நாலாயிரம் சேர்ந்தால் எழுபது கோடி ஆகுமென்றால் நாம் எல்லாரும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.

பூஜ்ஜியத்தை அறிவியல் குறியீட்டில் எப்படி எழுதுவது?
– ஏழாம் வகுப்பு மாணவி, ஓசூர்

எழுத முடியாது கண்ணு. முன்னெண் 1-க்குக் குறையக் கூடாது என்றோம், 1-லிருந்து 10 வரை எதை எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்ஜியம் வராது. 0 என்றே எழுதிவிடு. உன் டீச்சரிடமும் இதைக் கேட்டுப் பார், மகிழ்ச்சி அடைவார்.

டியூஷன் நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்பினால் 6.02 × 10²³ என்பது 6.02 x 1023 என்று போய்விடுகிறது. பிள்ளைகளும் அதையே விடைத்தாளில் எழுதுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு ஆசிரியை, தர்மபுரி

ஓரிடத்திலிருந்து நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும்போது மேலே இருந்த 23 கீழே இறங்கிவிடுகிறது. பதினெட்டு கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாட்ரோ எண் கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆகிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடானுகோடி மூலக்கூறு என்று பாடம் நடத்திவிட்டு, பதினெட்டு கிராம் தண்ணீருக்கு ஆறாயிரம் மூலக்கூறு என்று வினாத்தாள் கொடுத்தால் பிள்ளை யாரை நம்பும்?

கைபேசி விசைப்பலகையில் எண்ணை அழுத்திப் பிடித்தால் பலவற்றில் மேலெழுத்து எண் கிடைக்கும், ², ³ என்று. அது வராவிட்டால் 10^23 என்று கூரைக் குறி போட்டு அனுப்புங்கள், வினாத்தாளின் தலைப்பிலேயே ‘^ என்றால் அடுக்கு, விடைத்தாளில் மேலே ஏற்றி எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெருக்கலுக்கு ஆங்கில எழுத்தைப் போடாமல் × குறியையே போடுங்கள், இயற்கணிதம் படிக்கிற பிள்ளை அதை மாறி என்று நினைத்துவிடும். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ஒன்று உண்டு. வெள்ளைத்தாளில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். 23-ஐ மட்டும் கொஞ்சம் சின்னதாக, நன்றாக மேலே தூக்கி எழுதுங்கள்.